எண்ணாத அடி

மலாக்காவின் காஜா பேராங்கில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் வெறுங்கையோடு போனதில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், அதற்கு மேல் முனையில் மஞ்சள் தடவிய ஒரு புது ரோத்தான். கோணல் இல்லாத பிரம்பாகப் பார்த்து வாங்கத் தெரியாதவனை நாங்கள் தகப்பன் என்றே மதிக்கவில்லை. "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்ததெல்லாம் ஒங்க பொறுப்பு வாத்தியாரே" என்று தாம்பாளத்தை நீட்டிவிட்டு, பெரிய காரியம் முடித்ததுபோல் வெளியே வந்து கோப்பி குடிக்கப் போவார்கள். பிள்ளை உள்ளே நின்று பிரம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பிரம்புகளெல்லாம் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் வகுப்பு கலியாணசுந்தரம் வாத்தியாரின் அலமாரிக்கு. அவர் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. அடி வாங்குகிற பிள்ளைதான் அடியை எண்ண வேண்டும், அதுவும் வாய்விட்டு. எண்ணாத அடி கணக்கில் வராது, முதலிலிருந்து தொடங்கும். அழுகையில் எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்த பிள்ளைகள் எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. ஆனாலும் அவர் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள் என்பதற்காக அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். இப்போது நினைத்தால் எங்கள் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவர் மனைவி ருக்மணி அதே பள்ளியில் முதல் வகுப்பு டீச்சர். ஒரே மகள் ஜெயா, ஏழு வயது, அம்மாவின் வகுப்பில்தான் படித்தாள். பள்ளிக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட பலகை வீட்டு வரிசையில் எல்லோரும் குடியிருந்தோம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். அவர்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு இறங்கும். சாயங்காலம் ரோத்தான் சத்தம் கேட்டால், "வாத்தியார் வீட்டுல பாடம் நடக்குது" என்று சொல்லிச் சிரித்து ரேடியோவைக் கூட்டி வைப்போம்.

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறிய சூடு ஆறுவதற்குள் எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்று வந்துவிட்டது. கணக்குப் பாடமும் தலைகீழாக மாறியது. அதை வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்க மலாக்கா டவுனில் சனிக்கிழமை வகுப்பு வைத்தார்கள். நடத்த வந்தவர் அப்துல் கய்யூம். டவுனில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன், மெலிந்த ஆள், குரலை உயர்த்தத் தெரியாதவர். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். அதில் வாத்தியார்களுக்கான கையேடு, எண் எழுதிய அட்டைகள், சாயம் பூசிய மரக்கட்டைகள் எல்லாம் இருந்தன.

"இதெல்லாம் மாதிரிக்குத்தான். மத்தத நீங்களே செஞ்சுக்கணும்" என்றார் முதல் நாளே. "ரப்பர் கொட்டை இருக்கு, ஈர்க்குச்சி இருக்கு, நெருப்புப் பெட்டி இருக்கு. புள்ள மொதல்ல கையால தொட்டு எண்ணணும். அப்புறம் வாயால சொல்லணும். கடைசியிலதான் எழுதணும்."

"தொட்டுப் பாக்கறதுக்கு இதென்ன கோழிக்குஞ்சா?" என்றார் கலியாணசுந்தரம். வாத்தியார்கள் சிரித்தார்கள்.

"ஏழெட்டு அம்பத்தாறுன்னு ஒங்க பையன் சொல்றான், சரி. அம்பத்தாறு எம்மாம் பெருசுன்னு அவனுக்குத் தெரியுமா வாத்தியாரே?"

"அடிச்சாத் தெரியும்."

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ருக்மணி சிரிக்கவில்லை. கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு அஞ்சலை காலையில் புட்டு அவித்து விற்பவள். தென்னை ஓலை அவளிடம்தான் கிடைக்கும். அன்றிலிருந்து சாயங்காலங்களில் ருக்மணியும் அவளும் பின்வாசலில் உட்கார்ந்து ஓலையை வகிர்ந்து ஈர்க்கு எடுத்தார்கள். சாண் அளவுக்கு வெட்டி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். புக்கிட் ரம்பாய் பக்கம் பால் மரம் வெட்டும் அஞ்சலையின் தம்பி கோணிப்பையில் ரப்பர் கொட்டை கொண்டுவந்து போட்டான். அதைக் கழுவி, முறத்தில் காயவைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து நெருப்புப் பெட்டிகளில் நிரப்பினார்கள். மழைக்காலம். வெயில் முகம் காட்டினால் முறம் வெளியே ஓடும், மூடினால் உள்ளே ஓடும்.

"டீச்சரம்மா, இத வச்சி கணக்கு வந்துடுமா?" என்று கேட்டாள் அஞ்சலை.

"வரும்னு எழுதியிருக்கு. நானும் பாக்கணும்."

"எனக்கெல்லாம் எட்டுக்கு மேல கையி நடுங்கும். கலியாணசுந்தரம் வாத்தியாருக்கு முன்னாடி இருந்தவரு செஞ்ச வேல."

புதுச்சாமானை வகுப்புக்குக் கொண்டுபோன அன்று கய்யூம் சார் சொல்லாமல் வந்து வாசலோரம் நின்றார். ருக்மணி ஓர் ஈர்க்குச்சிக் கட்டை எடுத்து, பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியட்டும் என்று உயரத் தூக்கினாள். முதல் பெஞ்சிலிருந்த பிள்ளைகள் உள்ளங்கையை நீட்டினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த பெஞ்சும், அதற்கடுத்த பெஞ்சும் நீட்டின. டீச்சர் குச்சியைத் தூக்கினால் கையை நீட்ட வேண்டும் என்பதுதான் அதுகள் அறிந்த ஒரே பாடம். கண்ணை இறுக மூடிக்கொண்டு வகுப்பு முழுக்கக் கையேந்தி நின்றது.

ருக்மணி தூக்கிய கையைக் கீழே இறக்கினாள். பிறகு முதல் பிள்ளையின் கையில் கட்டை மெதுவாக வைத்தாள். "புடிச்சுக்க. இது பத்து. இது ஒனக்குத்தான்." ஒவ்வொரு கையிலும் ஒரு கட்டு வைத்துக்கொண்டே போனாள். பிள்ளைகள் கண்ணைத் திறந்து, வலிக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தன.

கய்யூம் சார் அப்போதே முடிவு செய்துவிட்டார். வருகிற சனிக்கிழமை வட்டாரத்து வாத்தியார்கள் எல்லோரும் வந்து ருக்மணியின் வகுப்பைப் பார்க்க வேண்டும். அது நன்றாக அமைந்தால், பெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய்ப் பாடம் காட்டுகிற வேலை அவளுக்கு. அந்த வேலை தனக்குத்தான் என்று கலியாணசுந்தரம் கோப்பிக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் மழை தகரத்தைப் பிய்த்துக்கொண்டு பெய்தது. ருக்மணி நெத்திலி சம்பல் கிண்டிக்கொண்டிருந்தாள். ஜெயா தரையில் நெருப்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கலியாணசுந்தரம் நனைந்துகொண்டே வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"பசியாறுறீங்களா? சோறு வெந்திருச்சு" என்றாள் ருக்மணி.

"கய்யூம் கிட்ட நாளைக்குப் போயி முடியாதுன்னு சொல்லிடு."

"எதுக்குங்க?"

"எதுக்கா? நான் ஒக்காந்து நீ பாடம் நடத்தறதப் பாக்கணுமா? ஒங்கிட்ட நான் கத்துக்கணுமா?"

"எங்கிட்ட இல்லங்க. அந்தப் பொஸ்தகத்துல உள்ளத செஞ்சி காட்டப்போறேன், அவ்வளவுதான். நீங்களும் ஒரு நாளைக்கு செஞ்சி பாருங்களேன்."

"நானா? ஈர்க்குச்சி பொறுக்கவா?" அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதல்ல என்று பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கே தெரிந்தது. "எங்க தோட்டத்து வாத்தியாரு என்னை எண்ணச் சொல்லிச் சொல்லி அடிச்சாரு. ஒவ்வொண்ணா எண்ணி வாங்குனேன். அதனாலதான் இன்னிக்கு வேட்டி கட்டி வாத்தியாருன்னு நிக்கறேன். இல்லன்னா தோள்ல காண்டாவாளி தூக்கிக்கிட்டு ரப்பர் பால்காட்டுல கெடந்திருப்பேன். அடி போட்ட சோறுடி இது. நீ திங்கறதும் அதான்."

"ஒங்கள அடிச்சதுக்கு நான் அழுதிருக்கேன். அதுக்காக நாம புள்ளைங்கள அடிக்கணுமா?"

"முடியாதுன்னு சொல்லுவியா, மாட்டியா?"

"மாட்டேங்க."

அவர் திரும்பி ஜெயாவைப் பார்த்தார். "எந்திரி. எட்டாம் வாய்ப்பாடு."

முதல் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாம் வாய்ப்பாடு எதற்கு என்று கேட்க ஆளில்லை. ஜெயா எழுந்தாள். மூவெட்டு இருபத்துநாலு வரை வந்தாள். நாலெட்டில் நின்றாள். அவள் கை தானாகக் கீழே இறங்கி ரப்பர் கொட்டையைத் தேடியது. அவர் அதைப் பார்த்துவிட்டார். ஓர் உதை விட்டார். நெருப்புப் பெட்டிகள் சுவரில் போய் மோதின. முறத்தோடு கொட்டையை அள்ளிப் பின்வாசல் வழியாக லோங்காங் சாக்கடையில் வீசினார். மழைத்தண்ணீர் அத்தனையையும் அடித்துக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது கையில் ரோத்தான் இருந்தது.

ஜெயா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ருக்மணி நடுவில் வந்தாள். முதல் அடி அவள் மணிக்கட்டில் விழுந்தது.

"எண்ணுடி."

"மாட்டேன்."

"எண்ணலன்னா மொதல்லேருந்து. தெரியுமில்ல?"

"மொதல்லேருந்தே அடிங்க."

அவர் அடித்தார். தோளில் அடித்தார், முதுகில் அடித்தார், தடுத்த கையில் அடித்தார். சம்பல் சட்டி கவிழ்ந்து நெத்திலி தரையெல்லாம் சிதறியது. ருக்மணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், எண்ணவில்லை. அப்போதுதான் மூலையிலிருந்து ஜெயாவின் குரல் கேட்டது. "ஒண்ணு… ரெண்டு… மூணு…" அம்மா எண்ணவில்லை, யாரும் எண்ணாவிட்டால் இது முடியவே முடியாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதனால் அம்மாவுக்காக அவள் எண்ணினாள். மழைச் சத்தத்துக்கு மேல், பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டோம்.

கலியாணசுந்தரம் ஒரு முறை நிறுத்தினார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிரம்பை எடுத்தார்.

"அப்பா, விட்ட எடத்துலேருந்தா, ஒண்ணுலேருந்தா?" என்று கேட்டாள் ஜெயா.

அடி விழுந்தது. ஜெயா யோசித்து, "ஒண்ணு" என்றாள்.

மறுநாள் அவர் காலையிலேயே போன பிறகு அஞ்சலை புட்டும் சீனியும் இலையில் மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ருக்மணியின் வலது மணிக்கட்டு பனங்கிழங்கு போல வீங்கியிருந்தது. அஞ்சலை விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவினாள்.

"ஒடஞ்சிருக்கு டீச்சரம்மா."

"ஒடையல. வெரலு அசையுது பாரு."

"சனிக்கெழம போவாதீங்க. கய்யூம் சார் நல்ல மனுசரு, சொன்னாப் புரிஞ்சுக்குவாரு. காச்சல்னு சொல்லிடலாம்."

"இன்னிக்கிக் காச்சல்னு சொன்னா நாளைக்கு எனக்கு என்ன வியாதின்னு சொல்றது? நான் இப்ப போகலன்னா எப்பவும் போக முடியாது அஞ்சல. ஜெயாவும் போக முடியாது. இன்னும் நாலு வருசத்துல அவ அவருகிட்டதான் படிக்கணும். அஞ்சாம் வகுப்புல."

அஞ்சலை இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டாள்.

"ராத்திரி நீங்கல்லாம் கேட்டீங்கதானே?" என்றாள் ருக்மணி.

"கேட்டோம்."

"ஒருத்தர் கதவத் தட்டியிருந்தா போதும்."

"வாத்தியாராச்சே…"

"ஆமா. வாத்தியாராச்சே" என்றாள் ருக்மணி. இலையை ஜெயா பக்கம் நகர்த்தினாள். "சாப்புடு கண்ணு."

அஞ்சலை வெட்கப்பட்டுக்கொண்டே வெளியே வந்தாள். வந்தவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லோங்காங்கில் இறங்கினாள். சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் இறங்கினார்கள். தெருமுனையில் பலகாரம் சுடும், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டிக் குடும்பத்து அம்மா ஒருத்தி, தமிழ் தெரியாதவள், மலாயில் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். ரப்பர் கொட்டை என்றதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளும் இறங்கினாள். கிடைத்ததைக் கழுவித் துடைத்து ருக்மணியின் பின்வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். செய்த பாவத்துக்கு அது போதாது. ஆனால் எங்களுக்கு அன்று தெரிந்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை முதல் வகுப்பில் பின்பக்கமெல்லாம் பெஞ்சு போட்டு வாத்தியார்கள் உட்கார்ந்தார்கள். பொண்டாட்டியைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று பேச்சு வரக்கூடாதென்று கலியாணசுந்தரமும் வந்தார். வழக்கம்போல அக்குளில் ரோத்தான்.

"அத மட்டும் மேசையில வச்சிடுங்க வாத்தியாரே" என்றார் கய்யூம் சார். கலியாணசுந்தரம் அதை ஈர்க்குக் கட்டுகளுக்குப் பக்கத்தில் டங்கென்று போட்டுவிட்டுக் கடைசிப் பெஞ்சுக்குப் போனார்.

ருக்மணி முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். இடது கையால் எழுதியதால் கரும்பலகையில் எண்கள் கோணிக்கொண்டு வந்தன. ஆனால் பிள்ளைகள் கோணவில்லை. கட்டை அவிழ்த்து ஒற்றையாக்கின, ஒற்றையைச் சேர்த்துக் கட்டாக்கின. பன்னிரண்டு என்றால் ஒரு கட்டும் இரண்டு தனியும் என்று கூவின. வந்திருந்த வாத்தியார்கள் ஒவ்வொருவராக எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பார்க்க ஆரம்பித்தார்கள். கய்யூம் சார் முகத்தில் சந்தோஷம் ஒளிக்க முடியாமல் தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று ருக்மணிக்கும் தோன்றியிருக்கும்.

கையேட்டில் கடைசியாக ஒன்று இருந்தது. கணக்கைப் பிள்ளைகளே சொந்தமாகச் சொல்ல வேண்டும். அது அவர்கள் வீட்டில் கண்டதாக இருக்க வேண்டும்.

"யாரு சொல்றீங்க? ஒங்க வீட்டுக் கணக்கு" என்றாள் ருக்மணி.

ஒருத்தி எழுந்து தன் வீட்டுக் கோழி இட்ட முட்டையைச் சொன்னாள். ஒருவன் உஜோங் பாசிர் கடலில் அவன் மாமா பிடித்த மீனைச் சொன்னான். அதில் பாதி பொய், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஜெயா கையைத் தூக்கினாள். ருக்மணி ஒரு கணம் தயங்கினாள். மகள் என்பதால் கூப்பிடாமல் விட்டுவிட்டாள் என்று சொல்வார்களே என்று, "சொல்லு" என்றாள்.

ஜெயா குச்சிகளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள்.

"அப்பா அம்மாவ ஏழு அடி அடிச்சாங்க. அப்புறம் தண்ணி குடிச்சாங்க. தண்ணி குடிச்சிட்டு ஆறு அடி அடிச்சாங்க." அவள் குச்சிகளைச் சேர்த்து, பத்தை எடுத்து ரப்பர் வளையம் போட்டாள். விரலுக்கு வளையம் அடங்கவில்லை, மறுபடி சுற்றினாள். "ஒரு கட்டு, மூணு தனி. மொத்தம் பதிமூணு."

ஜெயா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். விடை சொன்ன எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் பார்த்தாள், சரியா தப்பா என்று.

தப்பு என்று சொல்லியிருக்கலாம். உட்கார், வேறு கணக்குச் சொல்லு என்று சமாளித்திருக்கலாம். மானம் காப்பாற்ற எங்கள் பெண்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ருக்மணி மேசையில் கிடந்த கட்டையும் தனிக் குச்சிகளையும் பார்த்தாள். முழுக்கையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டாள். வீங்கிய கையை எல்லோரும் பார்த்தார்கள்.

"சரி" என்றாள். "கணக்கு சரி."

கடைசிப் பெஞ்சு தடாலென்று சாய்ந்தது. கலியாணசுந்தரம் பிள்ளைகளை இடித்துக்கொண்டு வந்தார். கய்யூம் சார் "வாத்தியாரே, வாத்தியாரே" என்று குறுக்கே வந்தார்; அவரை ஒரே தள்ளில் கரும்பலகைமேல் சாய்த்தார். கய்யூம் சாரின் கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது. "யாருடி ஒனக்கு இதச் சொல்லிக்குடுத்தது?" என்று கலியாணசுந்தரம் ஜெயாவின் சடையைப் பிடித்து இழுத்தார். பிள்ளையின் தலை மேசை விளிம்பில் இடித்து ரத்தம் வந்தது. அவர் மறுகையை ஓங்கினார்.

ருக்மணி மேசையிலிருந்த ரோத்தானை இடது கையால் எடுத்தாள். தன் பலம் முழுவதையும் சேர்த்து, ஓங்கிய அந்தக் கையில் அடித்தாள். சட்டைக்கை கிழிந்தது. அந்தச் சத்தம் எப்படிப்பட்டதென்று வகுப்பிலிருந்த எல்லோருக்கும் பழக்கம்தான். ஆனால் இந்தக் கையிலிருந்து வந்து அந்தக் கையில் விழுந்து யாரும் கேட்டதில்லை.

கலியாணசுந்தரம் சடையை விட்டார். அவர் உடம்பு குறுகியது. அடிபட்ட கை, அவரைக் கேட்காமலே, உள்ளங்கை தெரிய முன்னால் நீண்டது. தோட்டத்துப் பள்ளியில் நின்ற பையனின் குரல் அவர் தொண்டையிலிருந்து வந்தது.

"ஒண்ணு" என்றார்.

அதே நேரத்தில், நெற்றியைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த ஜெயாவும் "ஒண்ணு" என்றாள்.

அப்பனும் மகளும் ஒரே மூச்சில் எண்ணியதை அறை முழுக்கக் கேட்டது. ருக்மணியின் கை இரண்டாவது அடிக்கு ஏற்கெனவே உயர்ந்திருந்தது. அவளுக்கு அந்த அடி வேண்டியிருந்தது. பதிமூன்றும் வேண்டியிருந்தது, அதற்கு முந்திய வருடங்களில் வாங்கியதும் வேண்டியிருந்தது. அவர் கை நீட்டியபடியே நின்றார்; மகள் அடுத்த எண்ணை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ருக்மணி ரோத்தானை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். குனிந்து மகளைத் தூக்கிக்கொண்டாள்.

"எண்ணாத கண்ணு" என்றாள். "முடிஞ்சிருச்சு."

ஜெயா நம்பவில்லை. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டிப் போகிறவரைக்கும் அப்பாவின் நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.